மூன்றடி மீன்தொட்டிக்கு உறுதியான கேபினெட் ஸ்டாண்டு செய்யும் முறை

பலகை வாங்கப் புறப்படுவதற்கு முன் தொட்டியின் எடையைக் கணக்கிட்டுவிட வேண்டும். 36 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் 18 அங்குல உயரமும் உள்ள தொட்டி, விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 159 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 8 மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்த வெறும் தொட்டியே சுமார் 30 கிலோ இருக்கும். கூழாங்கல்லையும் மூடியையும் சேர்த்தால் மொத்தம் 200 கிலோவை எட்டிவிடும். ஏற்றி இறக்கும் சுமையாக இல்லாமல், ஆண்டுக்கணக்கில் அசையாது அழுத்திக்கொண்டே இருக்கும் சுமை என்பதால், பழைய தொலைக்காட்சி மேசை முதல் மாதத்தில் தாங்கிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது.

மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. நீர் மாற்றும்போது சிந்தும் சில துளிகள் விளிம்பு வழியாக உள்ளே புகுந்தால் அது ஊதிப் பொருமி, திருகுகளை விட்டுவிடும். என் முதல் ஸ்டாண்டு அப்படித்தான் வீணாயிற்று. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, நீர் தாங்கும் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்குங்கள். ஐ.எஸ். 303 முத்திரையுள்ள சாதாரண எம்.ஆர். ரகம் விலை குறைவுதான், ஆனால் அது ஈரப்பதத்தைத் தாங்குமே தவிர, நீரில் நனைவதைத் தாங்காது.

எட்டுக்கு நான்கு அடி ஷீட் ஒன்றில், கதவுகள் நீங்கலாக, எல்லாத் துண்டுகளும் அடங்கும். மேல்பலகை 37க்கு 16 அங்குலம். முதுகுப்பலகை 37க்கு 29¼. இரண்டு பக்கப்பலகைகளும் ஒரு நடுப்பலகையும் ஒவ்வொன்றும் 15¼க்கு 29¼. நடுப்பலகையின் இருபுறமும் அமையும் அடித்தட்டுகள் இரண்டு, ஏறக்குறைய 17⅜க்கு 15¼. மேல்பலகையின் அடியில் முன்புறம் செங்குத்தாக நிற்க 4 அங்குலப் பட்டைகள் இரண்டும், அடித்தட்டைத் தரையிலிருந்து உயர்த்தும் 3 அங்குலப் பட்டைகள் இரண்டும், அடித்தட்டின் நீளத்துக்கே தேவைப்படும். பிளைவுட்டின் உண்மையான தடிமன் முக்கால் அங்குலத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்குமாதலால், இந்தச் சிறு துண்டுகளை மட்டும் பெட்டி நின்ற பிறகு நேரில் அளந்து வெட்டுவது நல்லது.

இனிச் சொல்வதுதான் இந்த வேலையின் உயிர். மேல்பலகை, பக்கப்பலகைகளின் தலைமீது உட்கார வேண்டும். அவற்றுக்கு இடையே செருகப்படக் கூடாது. இடையே செருகினால் மேல்விளிம்பு பார்வைக்கு ஒழுங்காகத் தெரியும், தச்சர்களும் அதையே விரும்புவார்கள். ஆனால் அப்போது 200 கிலோவையும் சில திருகுகளும் பசையுமே தாங்கி நிற்கும். தலைமீது உட்கார்ந்தாலோ எடை மரத்தின் வழியே நேராகத் தரைக்கு இறங்கிவிடும், திருகு பலகைகளை விலகாமல் பிடித்துக்கொள்வதோடு சரி.

அடுத்தது முதுகுப்பலகை. அதைப் பொருத்துவதற்கு முன் பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், தீப்பெட்டியின் மேலுறை போலச் சாயும். பொருத்திய பின் அசையாது. ஆகவே குழாய்க்கும் மின்கம்பிக்கும் இரண்டு அங்குல அகலத் துளைகள் போதும், அலமாரியின் முதுகைப் பாதிக்கு மேல் திறந்து வைக்க வேண்டாம்.

பொருத்தும்போது ஒவ்வொரு சந்திப்பிலும் நீர் தாங்கும் பசையைத் தடவி, 3 மில்லிமீட்டர் துளையை முன்னதாகவே இட்டு, ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக 50 மில்லிமீட்டர் திருகுகளை முடுக்குங்கள். துளையிடாமல் பிளைவுட்டின் விளிம்பில் திருகினால் அடுக்குகள் பிரியும். பசை காய்வதற்குள் முன்புறத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் ஒன்றாக வரும்வரை பெட்டியைத் தட்டிச் சரிசெய்துகொள்ளலாம். கதவுகள் எடை எதையும் தாங்குவதில்லை என்பதால் கீல் மாட்டி விருப்பப்படி அமைக்கலாம்.

வெளிப்புறத்துக்கு மைக்கா ஒட்டுபவர்கள் உட்புறத்தை மறந்துவிடுகிறார்கள். ஈரம் தங்குவது உள்ளேதான். அங்கே பிரைமரும் இரண்டு பூச்சு எனாமலும் அடியுங்கள். வீடு துடைக்கும் நீர் ஏறும் அடிவிளிம்புகளுக்கு மூன்றாவது பூச்சும் தகும்.

ஸ்டாண்டைச் சுவரோரமாக வைத்து, ரசமட்டத்தை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் வைத்துப் பாருங்கள். நீரை வடியவிடத் தளத்தைச் சாய்த்துப் போட்ட வீடுகளில் மட்ட வேறுபாடு நன்றாகவே தெரியும். மட்டத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளை ஸ்டாண்டின் அடியில், தாழ்ந்த பலகையின் நீளம் முழுவதும் பல இடங்களில் வைக்க வேண்டும். தொட்டியின் அடியில் செருகினால் கண்ணாடி அந்த இடத்திலேயே விரிசல் விடும். அடிக்கண்ணாடி நேராகப் பலகையில் படியும் தொட்டிக்கு, அரை அங்குலத் தெர்மோகோல் தாளை அதே அளவில் விரித்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டிக்கு அது கூடாது.

பிறகு பாதி நீர் ஊற்றி, நான்கு மூலைகளிலும் நீர்மட்டத்துக்கும் மேல்விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் நீரை முழுவதும் இறைத்துவிட்டுத்தான் தகடுகளை மாற்ற வேண்டும். நீரோடு தொட்டியை நகர்த்தினால் அதன் சிலிக்கான் ஒட்டுகள் முறுக்கேறும்.