வயிற்றுப்போக்கு: ஓஆர்எஸ் கலக்குவதில் தொடங்கும் தவறுகள்

குழந்தைக்கு வயிற்றால் போனால் ஓஆர்எஸ் கொடுக்க வேண்டும் என்பது இன்று அநேகமாக எல்லோருக்கும் தெரியும். கோளாறு அதைக் கலக்குகிற இடத்தில்தான். பாக்கெட்டைக் கிழித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டு, மீதியை மடித்து ரப்பர் பேண்ட் மாட்டி வைத்துவிடுகிறார்கள். பெரிய பாக்கெட் மொத்தமும் 1 லிட்டர் தண்ணீருக்கானது. 200 மில்லிக்கென்று சின்னப் பாக்கெட்டும் உண்டு. அளவு மேலேயே எழுதியிருக்கும். உப்பும் குளுக்கோஸும் சரியான விகிதத்தில் இருந்தால்தான் குடல் தண்ணீரை உறிஞ்சும். கரைசல் கெட்டியானால் ரத்தத்தில் உப்பு ஏறிவிடும், அது ஆபத்து. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை லிட்டர் பாட்டிலில் அளந்து முழுவதையும் கலக்குங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் மிச்சமிருந்தால் கொட்டிவிடுங்கள். பாலில் கலக்க வேண்டாம், ருசிக்காகச் சர்க்கரையும் வேண்டாம்.

டெட்ரா பேக்கில் ஆப்பிள், ஆரஞ்சு ருசியில் விற்கும் பானங்கள் இதற்கு மாற்றல்ல. சர்க்கரை அதிகமானால் குடலுக்குள் தண்ணீர் இன்னும் இறங்கிப் போக்கு கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில்தான் தடை வந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சரியான பாக்கெட் இலவசமாகவே கிடைக்கும்.

“குடிச்சதும் வாந்தி எடுத்துட்டான், இனிமே குடுக்காதே” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 10 நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி கொடுங்கள். பெரும்பாலும் தங்கும். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சாப்பிடுகிற குழந்தைக்குக் குழைந்த சாதம், இட்லி, தயிர்சாதம் கொடுக்கலாம். வயிற்றைக் காயப்போட்டால் குழந்தை சோர்வதுதான் மிச்சம்.

பெரியவர்களுக்கான, போக்கை நிறுத்தும் மாத்திரையில் பாதி உடைத்துக் கொடுப்பது இருப்பதிலேயே மோசம். கைக்குழந்தைகளுக்குக் குடல் அசைவே நின்றுவிடலாம். வைரஸால் வரும் போக்குக்கு ஆன்டிபயாடிக்கும் பயன்படாது. ஜிங்க் மாத்திரை வேறு விஷயம். ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், 14 நாள். போக்கு மூன்றாம் நாளே நின்றாலும் பாதியில் விடக் கூடாது.

அப்புறம் நாட்டு வைத்தியம்: உரம் (சுளுக்கு) எடுப்பது, தொக்கம் (தொண்டையிலோ வயிற்றிலோ சிக்கியதாகச் சொல்வது) எடுப்பது. உரம் விழுந்ததென்று சேலையில் போட்டு உருட்டுவதால் போன நீர் திரும்பாது. உச்சிக்குழி உள்வாங்கியிருப்பது நீர்ச்சத்து வற்றியதற்கான அடையாளம். எண்ணெய் வைத்தால் அது மேலே வராது. கண் உள்ளே போவது, கண்ணீரில்லாமல் அழுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, எழுப்பினாலும் மந்தமாகக் கிடப்பது, மலத்தில் ரத்தம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வழியெல்லாம் ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே போங்கள். குடிக்க முடியாத அளவுக்கு மயங்கிக் கிடக்கும் குழந்தைக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.