மூக்குக்கு ஒரு பொழுதுபோக்கு: தூபமும் பழந்தேயிலையும்

நான் முதன்முதலாக வாங்கிய பூஅர் என்னும் சீனத் தேயிலை வட்டில் (இலையை அழுத்திச் செய்த வில்லை) ஆறே மாதத்தில் கற்பூர வாசம் வந்துவிட்டது. பல வருடம் வைத்துப் பழக்கிய பூஅரில் கற்பூர மணம் எழும், அதற்காகவே தேடி வாங்குகிறவர்கள் உண்டு என்று படித்திருந்தேன். நம் வீட்டில் இவ்வளவு சீக்கிரம் நடந்துவிட்டதே என்று இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் அம்மாதான் சொன்னாள்: "அது பூஜை சாமான் வைக்கிற தட்டுடா. மேல் தட்டில் கற்பூர டப்பா மூடாமல் கிடக்கு, பார்."

பக்கத்தில் இருக்கிற எல்லா வாசத்தையும் தேயிலை இழுத்துக்கொள்ளும். ஆகவே தூபம், தேயிலை இரண்டையும் சேர்த்துப் பொழுதுபோக்காகத் தொடங்குகிறவர்களுக்கு முதல் விதி: தேயிலை ஒரு அறையில், புகைகிற பொருள் வேறு அறையில். ஒரே நேரத்தில் இரண்டும் வேண்டாம். கோப்பைக்குப் பக்கத்தில் பத்தி புகைவது படத்தில் அழகாக இருக்கும். ஆனால் மூக்குக்கு இரண்டுமே பிடிபடாது.

பிறகு ஏன் ஒரே கட்டுரையில் எழுதுகிறேன்? இரண்டிலும் நாம் ரசிப்பது மாற்றத்தை. ஒரு துண்டு குந்திரிக்கம் பத்து நிமிடத்தில் மூன்று விதமாக மணக்கும். ஒரு பிடி தேயிலை எட்டுக் கோப்பையில் எட்டு விதமாக இறங்கும். அதே தேயிலை நாலு வருடம் கழித்து வேறு ஆளாக நிற்கும். அதற்குள் உங்கள் மூக்கும் மாறியிருக்கும். அதனால் பத்துப் பொருளை ஒருமுறை முகர்வதைவிட ஒரு பொருளைப் பத்துமுறை முகர்வது நல்லது. பர்சுக்கும் நல்லது.

படி 1: நாட்டு மருந்துக் கடைக்குப் போங்கள்

ஊதுபத்திக் கடைக்கு இப்போது வேண்டாம். அங்கே கிடைப்பவற்றில் பெரும்பாலானவை கரித்தூளையும் மரத்தூளையும் பசைப் பட்டைத் தூளோடு பிசைந்து, மூங்கில் குச்சியில் உருட்டிக் காயவைத்து, வாசனைத் திரவத்தில் முக்கி எடுத்தவை. பெட்டியில் மல்லிகை என்று இருக்கும், உள்ளே மல்லிகை இருக்காது. அந்த வாசம் பற்றவைத்ததிலிருந்து அணையும்வரை ஒரே சுருதியில் நிற்கும். நாம் தேடுகிற மாற்றம் அதில் இல்லை. கம்ப்யூட்டர் சாம்பிராணியும் எனக்கு அப்படித்தான். (கம்ப்யூட்டருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை ஒரு கடைக்காரரும் எனக்குச் சொன்னதில்லை.)

நாட்டு மருந்துக் கடையில் கேட்க வேண்டியது: குந்திரிக்கம் 50 கிராம், கட்டிச் சாம்பிராணி 50 கிராம், வெட்டிவேர் ஒரு கைப்பிடி. கிட்டத்தட்ட ஒரு சினிமா டிக்கெட் விலையில் முடிந்துவிடும். குந்திரிக்கம் பொஸ்வெல்லியா இன மரங்களின் பிசின். ஓமானின் தோஃபார் மலைப்பகுதியில் வடிகிறதுதான் உலகப் புகழ் பெற்றது. மாதா கோயில் பூசையில் தூபக் கலசத்திலிருந்து எழும் மணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பிராணி வேறு மரத்தின் பிசின். சுமத்ராவிலிருந்து வருவது வெனிலாவை நினைவூட்டும் இனிப்பு வாசம் கொண்டது. குங்கிலியம் மூன்றாவது சரக்கு.

இந்தப் பெயர்கள் கடைக்குக் கடை இடம் மாறும். ஒரு கடையின் குந்திரிக்கம் இன்னொரு கடையில் குங்கிலியமாக இருக்கலாம். பெயரை விட்டுவிட்டு ஒரு துண்டை நகத்தால் கீறி முகருங்கள். எலுமிச்சைத் தோலும் ஊசியிலை மரமும் கலந்ததுபோல வந்தால் நமக்கு வேண்டியது அதுதான்.

பத்தி இல்லாமல் மனது கேட்காது என்றால், மட்டிப்பால் சேர்த்த மசாலா பத்தி கேட்டு வாங்குங்கள். மட்டிப்பால் பெருமரத்தின் பிசின். காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால் குச்சி தொட்டால் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். மழைக்காலத்தில் ஒரு மாதிரியும் மே மாதத்தில் வேறு மாதிரியும் மணக்கும்.

படி 2: சூடேற்றுங்கள், எரிக்காதீர்கள்

நம் வீடுகளில் தணலை நன்றாக விசிறிவிட்டு, மேலே சாம்பிராணித் தூளைத் தூவி, வீடு முழுக்கப் புகை மூட்டுவோம். கொசுவுக்கு அது சரி. மணத்தை ரசிக்க அது கொஞ்சம் முரட்டு வழி. பிசின் எரிந்துபோனால் மெல்லிய வாசங்கள் முதலில் பலியாகும். ஜப்பானியர்கள் தணலைச் சாம்பலுக்குள் புதைத்து, மேலே ஒரு அபிரகத் தகடு வைத்து, அதில் நகக்கண் அளவு மரத்துண்டை வைப்பார்கள். புகையே வராது. வாசம் மட்டும் எழும். அதை முகர்வது என்று அவர்கள் சொல்வதில்லை. "கேட்பது" என்பார்கள்.

வீட்டிலேயே செய்யலாம். தடிமனான மண் கிண்ணம் அல்லது தூபக்கால் ஒன்றில் முக்கால் அளவு சலித்த சாம்பலை நிரப்புங்கள். சிரட்டைக் கரி ஒரு துண்டை இடுக்கியால் பிடித்து அடுப்பில் காட்டுங்கள். கறுப்பு மறைந்து முழுக்கச் சாம்பல் பூத்ததும் கிண்ணத்தின் நடுவில் புதைத்து, மேலே மெல்லிசாகச் சாம்பலை மூடுங்கள். ஒரு குச்சியால் தணல் வரைக்கும் துளை போட்டால் காற்று போகும், அணையாது. துளைக்கு மேலே சின்ன அலுமினியத் தாள் வைத்து, அதில் பட்டாணியில் பாதி அளவு குந்திரிக்கம் வையுங்கள்.

இப்போது காத்திருக்க வேண்டும். குபுகுபுவென்று வெள்ளைப் புகை வந்தால் சூடு அதிகம், சாம்பலை இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் கொஞ்சம் விலக்குங்கள். எனக்கு இது கைவர நாலைந்து முறை ஆனது. சரியான சூட்டில் முதல் இரண்டு மூன்று நிமிடம் எலுமிச்சைத் தோல். அப்புறம் மிளகும் ஊசியிலையும். கடைசியில் கனமான, இனிப்பான பிசின் மணம். அதற்கு மேல் விட்டால் தீய்ந்த வாடைதான், உடனே எடுத்துவிடுங்கள்.

சட்டென்று பற்றும் வட்டக் கரிவில்லை வாங்குகிறவர்கள் கவனிக்க: அதில் வெடியுப்பு இருக்கும். பொரிந்து, பட்டாசு வாடை முழுக்கப் போனபிறகுதான் பிசினை வைக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். தணலிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வரும், அதற்கு வாசனையே கிடையாது. ஏசி போட்டு மூடிய அறையில் செய்யாதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். கைக்குழந்தை, ஆஸ்துமா உள்ளவர், கூண்டுப் பறவை இருக்கும் வீட்டில் இந்தப் பாதியை விட்டுவிட்டுத் தேயிலைக்குப் போய்விடலாம்.

அகில் பற்றி ஒரு வார்த்தை

தூபம் என்று ஆரம்பித்தாலே எல்லோரும் இரண்டாவது வாரத்தில் அகில் கட்டைக்குத் தாவுகிறார்கள். ஆசை புரிகிறது. சங்கப் பாடல்களில் பெண்கள் ஈரக்கூந்தலை உலர்த்தியது அகில் புகையில்தான். அந்தச் சொல் போர்த்துகீசியர் வாயில் "அகிலா" ஆகி, ஆங்கிலத்தில் கழுகு மரம் என்று விபரீதமாக முடிந்தது. மரத்தில் காயம் பட்டு, பூஞ்சை புகுந்து, அதை எதிர்க்க மரம் சுரக்கும் பிசின் ஊறிய கட்டைதான் மணக்கும். நோய் வராத அகில் வெறும் விறகு. பிசின் நிறைந்த கட்டை தண்ணீரில் மூழ்கும். சீனப் பெயருக்கே "மூழ்கும் மணம்" என்றுதான் பொருள்.

ஆனால் விலை அதிகம், போலியும் அதிகம். சாயமும் எண்ணெயும் ஏற்றிய சில்லுகள் தாராளமாகப் புழங்குகின்றன. அகில் தரும் அக்விலேரியா மர இனம் முழுவதும் 2005 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருப்பதால், வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக் காகிதங்கள் வேண்டும். முதல் வருடம் சந்தனம் போதும். கட்டையிலிருந்து சீவிய நாலு சிராயை அதே அலுமினியத் தாளில் வைத்துப் பாருங்கள். அகில் மணம் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் அகில் கலந்த ஜப்பானியப் பத்தி ஒரு சின்னப் பெட்டி வாங்கலாம். கியோட்டோவின் ஷோயெய்தோ 1705 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. அந்தப் பத்திக்குள் மூங்கில் குச்சி இருக்காது. மூன்றாக ஒடித்து ஒரு துண்டை மட்டும் ஏற்றினால் போதும்.

படி 3: எந்தத் தேயிலை?

பழக வைக்கும் தேயிலைகள் பல இருந்தாலும், தொடங்குவதற்குச் சீனாவின் யுனான் மாகாணத்துப் பூஅரைத்தான் சொல்வேன். அதன் பெரிய இலைச் செடி அசாம் தேயிலைச் செடிதான். நாம் பாலில் கொதிக்கவைக்கும் டீத்தூளுக்கு நெருங்கிய சொந்தம். இலையை வாட்டி, வறுத்து, உருட்டி, வெயிலில் காயவைத்து, ஆவியில் இளக்கி வட்டாக அழுத்துவார்கள். வழக்கமான வட்டு 357 கிராம். ஏழு வட்டை மூங்கில் மடலில் சுற்றினால் ஒரு கட்டு, ஏறக்குறைய இரண்டரை கிலோ.

இதில் இரண்டு சாதி. ஷெங் என்பது பச்சை, அதாவது பழுக்கவைக்காதது. புதிதாக இருக்கும்போது கசக்கும், துவர்க்கும். வருடக்கணக்கில் காற்றும் ஈரமும் நுண்ணுயிர்களும் சேர்ந்து அதை மெதுவாக மாற்றும். ஷோ என்பது பழுக்கவைத்தது. அவ்வளவு வருடம் காத்திருக்க முடியாதவர்களுக்காக, இலையைக் குவித்து நீர் தெளித்துச் சில வாரம் புழுங்கவிடும் முறையை 1973-இல் குன்மிங் தேயிலை ஆலையில் உருவாக்கினார்கள். எருக்குழியின் அதே தத்துவம்தான். நினைத்துக்கொண்டு குடிக்க வேண்டாம்.

வட்டின் உறையில் 7542 போன்ற எண்ணைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். 75 என்பது அந்தக் கலவை 1975-இல் உருவானதைச் சொல்கிறது, 4 இலையின் தரம், கடைசி 2 மெங்ஹாய் ஆலை. தேயிலையின் வயது அதில் இல்லை. "1975-ஆம் வருடத் தேயிலை சார்" என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

முழு வட்டு வாங்காதீர்கள். ஷோ 25 கிராம், இளம் ஷெங் 25 கிராம், இணையத்தில் மாதிரிப் பொட்டலமாகக் கிடைக்கும். முப்பது வருடப் பழையது என்று மலிவாக வருவதைத் தொடவே வேண்டாம்.

படி 4: போட்டுக் குடிப்பது

கைவான் என்னும் மூடிக் கோப்பை இருந்தால் நல்லது. இல்லையென்றால் 100 மில்லி பிடிக்கும் பீங்கான் கோப்பை, மூடத் தட்டு, வடிகட்டி. எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், கை பொசுங்கும். 5 கிராம் இலையை எடைபோட்டு எடுங்கள். வட்டிலிருந்து பெயர்க்கக் கோணி ஊசி அருமையான ஆயுதம். ஓரத்தில் செருகி நெம்புங்கள். ஊசியின் எதிர்ப்பக்கம் கை இருக்கக் கூடாது, என் இடது பெருவிரல் சாட்சி.

போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கேன் தண்ணீர் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கோப்பையின் மேலே ஆடைபோலப் படியும், சுவையும் மங்கும்.

தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றி, ஐந்து நொடியில் கொட்டிவிடுங்கள். இது இலையைக் கழுவ, எழுப்ப. சூடான ஈர இலையை மூடியோடு முகருங்கள். பாதி இன்பம் இங்கேயே இருக்கிறது. அடுத்து 10 நொடி, வடித்துக் குடியுங்கள். மறுபடி 10, அப்புறம் 15, 20, 30 என்று கூட்டிக்கொண்டே போகலாம். ஃபில்டர் காப்பி வீடுகளில் இரண்டாம் டிகாக்‌ஷன் என்றால் முகம் சுளிப்போம். இங்கே கணக்கு தலைகீழ். மூன்றாவது நாலாவது வடிப்புதான் உச்சம்.

ஷோவில் ஈரமண், பேரீச்சம்பழம், பழைய மரப்பெட்டி. கருவாட்டு வாடை அடித்தால் புழுங்கவைத்த வாடை இன்னும் போகவில்லை. சில மாதம் காற்றாட வைத்தால் தணியும். ஷெங்கில் முதலில் கசப்பு. விழுங்கியபிறகு கவனியுங்கள்: நெல்லிக்காய் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் ஓர் இனிப்பு வருமே, அது தொண்டையில் மெல்ல ஏறும். சீனர்கள் அதற்கு "திரும்பி வரும் இனிப்பு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இளம் ஷெங்கை வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். தலை சுற்றும். ராத்திரி எட்டு மணிக்கு மேலும் வேண்டாம்.

படி 5: வைத்துப் பழக்குவது

தேயிலையை ரொம்ப உலரவைத்தால் தூங்கிவிடும், ரொம்ப ஈரத்தில் வைத்தால் பூசணம் பிடிக்கும். 60 முதல் 70 சதவீத ஈரப்பதம் நல்ல இடம். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கி உள்ளே போட்டுவிடுங்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் மாற்றம் வேகமாக நடக்கும், அதில் நமக்கு லாபம்தான். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். புசுபுசுவென்று வெள்ளையாகவோ பச்சையாகவோ படர்ந்து முடை நாற்றம் அடித்தால் குப்பைக்குத்தான்.

மலேசியாவில் இருப்பவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளீயச் சுரங்கத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் குடித்த, சீனாவின் குவாங்ஷி பகுதியின் லியூபாவ் தேயிலை, அந்த ஊர்ப் புழுக்கத்தில் பழகியே பெயர் வாங்கியது.

பாத்திரம் எது? எண்ணெயோ மசாலாவோ படாத, நன்றாகக் காய்ந்த மண்பானை, மேலே துணி மூடி. அந்துருண்டை போட்ட அலமாரி, சமையலறை, பூஜையறை மூன்றும் தள்ளி. பிசின்களுக்கு இவ்வளவு சீராட்டு தேவையில்லை, இறுக்கமான டப்பாவில் வெயில் படாமல் வருடக்கணக்கில் கிடக்கும்.

படி 6: ஒரு நோட்டு

தேதி, பொருள், மூன்று சொல். அவ்வளவுதான். சொற்களை விற்பவரின் விளக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். நான் பார்க்காத பழத்தின் பெயரை எழுதி எனக்கு என்ன பயன்? "பாட்டி வீட்டு நெல் குதிர்", "மழையில் நனைந்த சாக்கு", "புதுப் பாடப்புத்தகம்" என்றெல்லாம் என் நோட்டில் இருக்கிறது. குந்திரிக்கத்துக்கு முதல் வாரம் "கோயில்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். மூன்றாம் மாதம் அதே துண்டுகளுக்கு அரைப்பக்கம்.

அந்தக் கற்பூர வட்டைத் தூக்கிப்போடவில்லை. மண்பானைக்கு மாற்றி, மூடியைத் தளர்த்தி, ஏழு வருடம் ஆகிறது. கற்பூரம் குறைந்து குறைந்து, போன பொங்கலுக்குப் பார்த்தபோது அடியில் ஒரு கீற்று மட்டும் மிச்சம். அது பூஜைத் தட்டுடையதா, வயதுக்கு வந்த தேயிலையுடையதா என்று அம்மாவிடம் கேட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "பால் ஊற்றாமல் இதை எப்படித்தான் குடிக்கிறாயோ" என்றாள்.