முதலில் விரல், அப்புறம் பாட்டு: தாளம் போடப் பழகுவோம்

பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சி போகும் பஸ்ஸில் தொடையைத் தட்டிக்கொண்டே போனால் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும், கர்நாடக சங்கீதத் தாளம் பழக அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, தொடங்கலாம். வலது உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு. அப்புறம் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள். மொத்தம் 4, இதுதான் சதுஸ்ர லகு. அடுத்து ஒரு தட்டு, உள்ளங்கையைத் திருப்பி ஒரு வீச்சு. இது திருதம், 2 அட்சரம், அதாவது 2 எண்ணிக்கை. இன்னொரு திருதம் போட்டால் 4+2+2, ஆக 8, ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று முடிந்தது. மறுபடி வரும் முதல் தட்டுதான் சமம். புதிதாகப் பழகுகிறவர்கள் கடைசி வீச்சை முழுங்கிவிட்டுச் சமத்துக்குத் தாவிவிடுவார்கள். வீச்சில் சத்தம் வராது, அவ்வளவுதான், தட்டுக்கு உண்டான நேரம் அதற்கும் உண்டு.

லகுவின் எண்ணிக்கை மட்டும் ஜாதிக்குத் தகுந்தபடி மாறும்: திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. மிஸ்ர லகுவில் தட்டுக்குப் பிறகு கட்டைவிரல் வரை எண்ணினாலும் 6தான் ஆகும், அதனால் சுண்டுவிரலுக்கு மறுபடி வரவேண்டும். திருதம் எப்போதும் 2, அனுதிருதம் வெறும் ஒரு தட்டு. ஆதி தாளத்தின் சாஸ்திரப் பெயர் சதுஸ்ர ஜாதி திரிபுடை, அதில் லகுவை 3 ஆக்கினால் 3+2+2, ஏழாகிவிடும். வர்ணம் என்னும் பாட்டு வகையில் பெரியவற்றில் வரும் கண்ட ஜாதி அட தாளம் 5+5+2+2, ஆக 14. இப்படி 7 தாளம், 5 ஜாதி, மொத்தம் 35. இப்போதே மனப்பாடம் செய்ய வேண்டாம், கச்சேரியில் பெரும்பாலும் ஆதி, ரூபகம், இரண்டு சாப்பு, இவைதான் காதில் விழும். சாப்பில் விரல் எண்ணுவதே இல்லை, மிஸ்ர சாப்பு 'தகிட தகதிமி' என்று 3+4 ஆகவும் கண்ட சாப்பு 'தக தகிட' என்று 2+3 ஆகவும் தட்டில் போய்விடும்.

நான் ஒரு வருஷம் குழம்பியது நடையில். ஜாதி விரல் எண்ணிக்கையில் இருக்கிறது, நடை ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் உள்ளே இருக்கிறது. ஆதி தாளத்தை நிதானமாகப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு 'தகதிமி' சொல்லுங்கள், ஆவர்த்தனத்துக்கு 32 எழுத்து. கையை மாற்றாமல் வாயை மட்டும் 'தகிட'க்குக் கொண்டுவாருங்கள், 24 எழுத்து, திஸ்ர நடை. இங்கேதான் கை ஓடும். எனக்கும் ஓடியது, அந்த வேகம்தான் திஸ்ர நடை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்! சுவரில் கடிகாரம் இருந்தால் அதன் 'டிக்'குக்கு ஒரு எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள், கை ஏமாற்ற முடியாது.

ஓரளவு பிடிபட்டதும், பாலக்காட்டுக் கல்பாத்தியில் தேர்த் திருவிழாவுக்கு முந்தைய நாட்களில் நடக்கும் சங்கீத உற்சவத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் ஊர்ப்பக்கம், மிருதங்கத்துக்குக் குறைவிருக்காது. தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் வித்வான் தீர்மானத்தை, அதாவது முடிப்புச் சொற்கட்டை, மூன்று தரம் வாசித்துச் சமத்தில் இறக்கும்போது, உங்கள் உள்ளங்கை தொடையில் விழுகிறதா, சுண்டுவிரல் விழுகிறதா என்று பாருங்கள்.