ராத்திரி சோறு கொண்டு போகிறவர்களுக்கு

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சாயங்காலம் இட்லிக் கடை போடுகிறேன். கடையைக் கட்டியதும் மிச்ச இட்லியோடு தெருவில் படுக்கிறவர்களைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். "நாங்களும் குடுக்கலாமா அக்கா?" என்று கேட்கிற பிள்ளைகளுக்காக இது.

பகலில் போக வேண்டாம். கையில் சில்லறை இருந்தால் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைக்கும். வெள்ளிக்கிழமை, அமாவாசை என்றால் கோயில் வாசலில் பொட்டலம் குவியும். மழை பிடித்த செவ்வாய்க்கிழமை ராத்திரிதான் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, அன்றைக்குப் போங்கள். ஷட்டர் இறங்கின பிறகே கடைவாசலில் இடம் பிடிப்பார்கள். தூங்கிவிட்டவரை எழுப்பாதீர்கள். விடிவதற்குள் கூட்டுகிறவர்கள் வந்து எழுப்பிவிடுவார்கள், இருக்கிற தூக்கமே அவ்வளவுதான்.

சித்திரையில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். சூடாகக் கவரில் கட்டிய சாம்பார் சாதம் ஊசிப்போகும். புளி சாதம் தாங்கும். பல் இல்லாதவர்களுக்கு இட்லி, வாழைப்பழம். தண்ணீர் பாட்டிலை மறக்கவே கூடாது.

நின்றுகொண்டு நீட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து "இன்னா பெரிப்பா, சாப்ட்டியா?" என்று கேளுங்கள். போட்டோ வேண்டாம், ஊரில் மகளுக்குத் தெரியாமல் இருக்கிறவர்கள் உண்டு.

ஆளுக்கு ஆள் வேறு. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த ஒரு பெரியவர் சும்மா வாங்கமாட்டார். "துடைப்பம் குடும்மா" என்பார், என் கடைவாசலைப் பெருக்கிவிட்டுத்தான் தட்டைத் தொடுவார். பெருக்க விடுங்கள், தடுத்தால் அன்றைக்குப் பட்டினிதான். பழைய பேப்பர், பாட்டில் பொறுக்கும் ஆயா ஒருத்தி வீடில்லாதவர்கள் தங்கும் விடுதிக்குப் போகவே மாட்டாள். "மூட்டைய வெளிய வெச்சிட்டு வான்றாங்க, காலைல இருக்குமா?" என்கிறாள். அந்த மூட்டைதான் அவளுடைய மறுநாள் கூலி. வரமாட்டேன் என்பவரைத் திமிர் என்று சொல்வதற்கு முன் எதை விட்டுவிட்டு வரச் சொல்கிறோம் என்று பாருங்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் துண்டு விரித்துப் படுத்திருக்கும் வங்காளத்துக் குடும்பங்கள் வீடில்லாதவர்கள் அல்ல. வைத்தியம் இழுத்துக்கொண்டே போய் லாட்ஜுக்குக் காசு தீர்ந்தவர்கள். கூச்சப்படுவார்கள், குழந்தைக்கென்று பால் கொடுத்துப் பேச்சைத் தொடங்குங்கள்.

பல நாள் சாப்பிடாமல் சுருண்டு கிடப்பவருக்கு வயிறு முட்டக் கொடுப்பது ஆபத்து. உயிருக்கே உலை வைக்கும். இரண்டு வாய் கஞ்சி போதும், 108-ஐக் கூப்பிடுங்கள். புத்தி பேதலித்து அலைகிறவரென்றால் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போவது அவர்கள் கடமை. சட்டத்தின் பெயரைச் சொல்லியே பேசுங்கள், காது கொடுப்பார்கள்.

முகம் பழகின பிறகு ஓட்டர் லிஸ்டில் பெயர் சேர்க்கப் படிவம் 6 நிரப்பிக் கொடுங்கள். படுக்கிற இடத்தையே முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து, அவர் அங்கேதான் படுக்கிறார் என்று பார்த்துவிட்டால் முகவரிக்கு வேறு சான்று தேவையில்லை. அலுவலர் வரும் நாட்களில் அந்த ஆள் இடம் மாறிப் படுக்காமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.