பிரசவத்துக்குப் பிறகு உடம்பைத் தேற்றுவது எப்படி? பிசியோதெரபி வழிமுறைகள்

இருமினால் சிறுநீர் கசிகிறது. குழந்தையைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. படுக்கையிலிருந்து எழும்போது வயிற்றின் நடுவே கூம்பாகத் துருத்துகிறது. "பிள்ளை பெற்றால் இதெல்லாம் சகஜம்" என்ற ஒரே பதிலோடு பல தாய்மார்கள் வருடக்கணக்கில் இவற்றைச் சுமக்கிறார்கள். பலருக்கும் வருவது உண்மைதான். ஆனால் பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல. முறையான பயிற்சியில் பெரும்பாலானவை நன்றாகத் தேறுகின்றன.

முதலில் மூச்சைப் புரிந்துகொள்ளுங்கள். வயிற்றறைக்கு மேலே, மூச்சை இயக்கும் தசையான உதரவிதானம், முன்னே வயிற்றுத் தசைகள், பின்னே முதுகுத் தசைகள், அடியில் சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள். மூச்சை இழுக்கும்போது உதரவிதானமும் இடுப்புத்தளமும் சேர்ந்தே கீழே இறங்கும். விடும்போது சேர்ந்தே மேலே ஏறும். மூச்சை அடக்கி முக்கினால் அந்த அழுத்தம் முன்வயிற்றின் மீதும் இடுப்புத்தளத்தின் மீதும் விழும். கர்ப்பத்திலும் பிரசவத்திலும் மிகவும் தளர்ந்துபோனவை இந்த இரண்டும்தான். அதனால் குழந்தையைத் தூக்கும்போதும், வாளியை நகர்த்தும்போதும், நாற்காலியிலிருந்து எழும்போதும் மூச்சை வெளியே விட்டபடியே செய்யுங்கள்.

முதல் சில நாட்கள்

படுத்தபடியே தொடங்கலாம். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு முறை பாதங்களை 20 தடவை மேலும் கீழும் அசையுங்கள். பிரசவத்தை அடுத்த வாரங்களில் காலின் ஆழமான இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுதல். இந்த அசைவு இரத்த ஓட்டத்துக்கு உதவும். எழும்போது நேராக நிமிர வேண்டாம். முழங்கால்களை மடக்கி, தோளையும் இடுப்பையும் ஒருசேரத் திருப்பி ஒருக்களியுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையை ஊன்றி, மூச்சை விட்டபடி எழுந்து உட்காருங்கள். சிசேரியன் ஆனவர்கள் இருமும்போதும் தும்மும்போதும் மடித்த துண்டைத் தையல் மேல் வைத்து அணைத்துப் பிடித்தால் வலி குறையும். முதல் ஆறு வாரங்களில் குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்காதிருப்பது நல்லது.

மலம் கழிக்கும்போது முக்குவது தையலுக்கும் இடுப்புத்தளத்துக்கும் கேடு. மேற்கத்திய கழிப்பறை என்றால், முழங்கால் இடுப்பைவிட உயரும்படி பாதத்துக்கு அடியில் சிறிய முக்காலி வைத்து, முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, வயிற்றைத் தளர விடுங்கள்.

இடுப்புத்தளப் பயிற்சி

சிறுநீர்க் குழாய் வைத்திருந்தால் அதை எடுத்து, இயல்பாகச் சிறுநீர் போன பிறகே தொடங்க வேண்டும். மல்லாந்தோ ஒருக்களித்தோ படுத்து, முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். மூச்சை விடும்போது, வாயுவை அடக்குவது போல ஆசனவாயைச் சுருக்கி, அந்த இழுப்பை முன்பக்கம் சிறுநீர்த் துவாரம் வரை கொண்டுவந்து உள்ளே மேல்நோக்கித் தூக்குங்கள். 3 விநாடி பிடித்து, முழுவதும் தளர்த்தி, பிடித்த நேரத்துக்குக் குறையாமல் ஓய்வு கொடுங்கள். பிடித்திருக்கும் நேரத்தில் மூச்சு சாதாரணமாக ஓட வேண்டும். வாரங்கள் போகப் போக 10 விநாடி, 10 முறை என்று உயர்த்துங்கள். கூடவே, சட்டென்று சுருக்கி உடனே விடும் வேகச் சுருக்கங்கள் 10. இவை இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. ஒரு நாளைக்கு 3 சுற்று. படுத்துச் செய்வது எளிதானதும் உட்கார்ந்தும், பிறகு நின்றும் செய்யுங்கள். குறைந்தது 3 மாதம் தொடர வேண்டும். இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம். தசை வலுப்பெற அவ்வளவு காலம் போதாது.

தசை ஓரளவு பிடிபட்டதும், இருமலோ தும்மலோ வரப்போகும் கணத்துக்குச் சற்று முன்பே சுருக்கிப் பிடிக்கப் பழகுங்கள். கசிவைக் குறைக்க இந்த ஒரு பழக்கமே பெரிதும் உதவும்.

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்: பிட்டத்தையோ தொடையையோ இறுக்குவது, மூச்சை அடக்குவது, மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குவது. கண்ணாடி ஒன்றை வைத்துப் பாருங்கள். ஆசனவாய்க்கும் யோனிக்கும் இடைப்பட்ட பகுதி உள்ளே போக வேண்டும். வெளியே பிதுங்கினால் செய்முறை தலைகீழ். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதும் வேண்டாம், சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

இதைவிட முக்கியமானது ஒன்று. எல்லோருக்கும் தளர்ச்சிதான் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். சிலருக்கு இந்தத் தசைகள் எந்நேரமும் இறுகியே இருக்கும். தாம்பத்திய உறவில் வலி, சிறுநீர் தொடங்கத் தாமதம், முழுதாகப் போகாத உணர்வு ஆகியவை அதன் அறிகுறிகளாக இருக்கலாம். அவர்கள் மேலும் மேலும் சுருக்கினால் வலி கூடும். முதலில் தளர்த்தக் கற்க வேண்டும்: முழங்கால்களை மார்புப் பக்கம் மடக்கி, வயிறு உப்பும்படி மெதுவாக மூச்சை இழுத்து, இடுப்புத்தளம் விரிந்து இறங்குவதை உணருங்கள். பயிற்சியில் வலி கூடினால் நிறுத்திவிட்டு, பெண்கள் நலப் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

வயிற்றுத் தசைப் பிளவு

கர்ப்பத்தில் முன்வயிற்றுத் தசைகள் நடுவே விலகி இடைவெளி விழுவதே இது. ஆறு முதல் எட்டு வாரம் ஆனதும் நீங்களே சோதிக்கலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, விரல்நுனிகளைத் தொப்புளில் வைத்துத் தலையை மட்டும் சற்றே தூக்குங்கள். இருபுறமும் இறுகும் தசைகளுக்கு நடுவே எத்தனை விரல் அகலம் இருக்கிறது என்று பாருங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் இப்படியே. இரண்டு விரலுக்கு மேல் இருந்தாலோ, விரல் ஆழமாக இறங்கினாலோ பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். அகலம் மட்டும் கணக்கல்ல. நடுவிலுள்ள திசு விறைப்பாகத் தாங்குகிறதா என்பதும் அதே அளவு முக்கியம்.

மல்லாந்தபடி மூச்சை விட்டு, அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து, ஒரு குதிகாலைத் தரையோடு வழுக்கி நீட்டி மடக்குங்கள். பக்கத்துக்கு 8 முதல் 10 முறை. நடுவயிறு கூம்பாகத் துருத்தினால் அந்தப் பயிற்சி இப்போதைக்கு அதிகம் என்று பொருள்; எளிதாக்குங்கள். வயிற்றுப் பெல்ட் தாங்கலாக இருக்குமே தவிர, தசையை வலுவாக்காது.

தழும்பு, மணிக்கட்டு

சிசேரியன் தழும்பை, காயம் முழுதும் மூடி, பொருக்கோ நீர்க்கசிவோ இல்லாத பிறகு, வழக்கமாக ஆறு வாரத்துக்கு மேல், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தேய்க்கத் தொடங்கலாம். முதலில் தழும்பைச் சுற்றி, பிறகு அதன் மேலே. இரு விரலைப் பதித்து மேல்-கீழ், பக்கவாட்டு, வட்டம் என்று தினமும் ஐந்து நிமிடம். விரல் தோலின் மேல் வழுக்கக் கூடாது. விரலோடு தோலும் நகர வேண்டும். அறுவையில் சிறு நரம்புகளும் அறுபடுவதால் மரத்துப்போன உணர்வு பல மாதம் நீடிக்கலாம்.

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாகச் சுளீர் என்று வலித்தால், குழந்தையைத் தூக்கும் விதத்தைக் கவனியுங்கள். கட்டைவிரலை விரித்து அக்குளில் கொடுத்துத் தூக்கும்போது அந்தத் தசைநார்கள் உரசி வீங்குகின்றன. ஒரு உள்ளங்கை பிட்டத்தின் கீழ், மற்றது கழுத்துக்கும் மேல்முதுகுக்கும் அடியில், மணிக்கட்டு மடங்காமல், பாரம் முன்கையில். மணிக்கட்டுப் பட்டை அணிவதானால் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிப்பதாக வாங்குங்கள். பால் கொடுக்கும்போது குனியாமல், தலையணை வைத்துக் குழந்தையை மார்பின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தாமதிக்கக் கூடாதவை

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடும் தலைவலி அல்லது பார்வை மங்கல், காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனையும் அளவு இரத்தப்போக்கு, தொடை இடுக்கில் மரத்துப்போதல்: இவற்றில் எதற்கும் பயிற்சி மருந்தல்ல, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குறைந்துவந்த இரத்தப்போக்கு, நடந்த பிறகோ வேலை செய்த பிறகோ மீண்டும் சிவப்பாகக் கூடினால், உடம்பு ஓய்வு கேட்கிறது. ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஓட்டத்துக்குத் திரும்ப

12 வாரத்துக்கு முன் வேண்டாம். அதற்குப் பிறகும், 30 நிமிடம் நடப்பது, ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்பது, நின்ற இடத்தில் ஒரு நிமிடம் மெல்ல ஓடுவது, ஒற்றைக் காலில் 10 குதி என்று வரிசையாகப் பாருங்கள். கசிவோ, வலியோ, யோனியில் ஏதோ கீழே இறங்குவது போன்ற பாரமோ இல்லாமல் எல்லாம் முடிந்தால், ஒரு நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையுமாகத் தொடங்கலாம்.

கீழே இறங்கும் பார உணர்வு இருந்தாலோ, பிரசவத்தில் ஆசனவாய்த் தசை வரை கிழிந்திருந்தாலோ, நீங்களாகப் பயிற்சியை ஆரம்பிப்பதைவிட பிசியோதெரபிஸ்டிடம் போவதே சரி. கசிவு எப்போது, எத்தனை முறை என்று மூன்று நாள் குறித்துக்கொண்டு போங்கள். தசையின் வலுவை அறிய அவர் உள்பரிசோதனை செய்யலாமா என்று கேட்கக்கூடும். சம்மதிப்பது உங்கள் விருப்பம். பாதியில் வேண்டாம் என்றாலும் நிறுத்திவிடுவார். வெளிப்புறமாகப் பார்த்தும் சிகிச்சையைத் தொடங்க முடியும்.