திருநர் மருத்துவரிடம் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓ.பி. சீட்டில் பழைய பெயர். அதைச் சத்தமாகக் கூப்பிடும் ஊழியர். திரும்பிப் பார்க்கும் வரிசை. இதற்கு அஞ்சியே நோயை மருந்துக்கடை மாத்திரையோடு சமாளிக்கும் திருநங்கைகளும் திருநம்பிகளும் உண்டு. பட்ட அவமானத்தில் பிறந்த அச்சம் அது. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அச்சத்தில் செய்துவிடும் சில தவறுகள் உடம்பையே பதம் பார்க்கின்றன.

எல்லாவற்றிலும் பெரியது, ஹார்மோன் எடுப்பதை மறைப்பது. மருத்துவரைக் கேட்காமல் கருத்தடை மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும். புகைப்பழக்கமும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், மாத்திரை விவரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருத்துவருக்கும் அது தெரிந்தாக வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஹீமோகுளோபினை உயர்த்தும் என்பதால், திருநம்பிகள் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மாதவிடாய் நின்றுவிட்டதால் கரு தங்காது என்று நம்புவதும் தவறு. கருப்பைவாய் இருக்கும்வரை அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனை தேவை. திருநங்கைகளுக்குப் பாலின மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகும் புராஸ்டேட் சுரப்பி உடலில் இருக்கும்; மருத்துவரிடம் பேசும்போது அதையும் மறக்கக் கூடாது.

அதற்காகக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. பல்வலிக்குப் போனவரிடம் "ஆபரேஷன் ஆகிவிட்டதா?" என்று கேட்டால், "இந்தச் சிகிச்சைக்கு அது எதற்கு டாக்டர்?" என்று திருப்பிக் கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

மனநல ஆலோசனையில் நடக்கும் தவறு வேறு. "பிள்ளையைச் சரிசெய்து கொடுங்கள்" என்று கேட்டு அழைத்துவரும் பெற்றோர் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்க, அவர்கள் எதிரில் பேச ஒப்புக்கொள்ளாதீர்கள். தனியாகப் பேச வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் உங்கள் ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. பாலினமோ பாலீர்ப்போ காரணமாகச் சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதையும் தடுக்கிறது. உங்கள் பாலின உணர்வையோ பாலீர்ப்பையோ மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லும் ஆலோசகரிடம் இரண்டாவது முறை போகவே போகாதீர்கள். அத்தகைய முயற்சிகளுக்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதில் புரிதல் போதாது என்று கருதி, தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். ஒரு நீதிபதியே அப்படிச் செய்திருக்கும்போது, மருத்துவர்களிடம் அதை எதிர்பார்ப்பது பேராசை அல்ல. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் இப்படி மாற்ற முயலும் சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது.

ஓரிடத்தில் அவமானப்பட்டதால் சிகிச்சையையே கைவிடாதீர்கள். அடுத்த முறை நம்பிக்கையான தோழி ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். மனம் தாங்காத இரவுகளில் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை (டெலி மானஸ்) அழைக்கலாம், கட்டணம் இல்லை. நடந்ததைத் தேதியோடு எழுதி வைத்து, மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் புகார் கொடுங்கள். தவறு மருத்துவருடையது என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.