மலையில் முதல் வீடியோ எடுப்பவர்களுக்கு

கொடைக்கானல் பக்கம் யார் கைப்பேசியைத் தூக்கினாலும் முதலில் எடுப்பது தூண் பாறையும் பனிமூட்டமும்தான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வருகிற சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் அதை எடுத்துப் போட்டாகிவிட்டது. பூம்பாறையில் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டு வந்தால் நான் சொல்வது ஒன்றுதான்: நம் ஊரில் நடக்கும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், அதை முழுதாகக் காட்டுங்கள்.

மலைப்பூண்டையே எடுத்துக்கொள்வோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு. பிடுங்கிய பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டித் தொங்கவிட்டு, கீழே புகை போடுகிறோம். வெளியூர்க்காரர்களில் பலர் இதைப் பார்த்ததே கிடையாது. வீடியோவை அந்தப் புகைக்குள்ளிருந்தே தொடங்குங்கள். தலைக்கு மேல் பூண்டுக் கட்டுகள் தொங்க, "இவற்றுக்கு ஏன் புகை போடுகிறார்கள்?" என்று ஒரே கேள்வி. "வணக்கம் நண்பர்களே, சேனலை சப்ஸ்கிரைப் செய்யுங்கள்" என்று ஆரம்பித்தால் கேள்விக்கு முன்பே ஆள் போய்விடுவார். யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர்கள் எந்த இடத்தில் விலகினார்கள் என்று காட்டும் கோடு இருக்கிறது. ஒவ்வொரு வீடியோவுக்கும் அதைத் திறந்து பாருங்கள். கோடு சரியும் இடத்தில் நீங்கள் என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேளுங்கள்.

அடுத்து கைகள். முகத்தைவிடக் கைகள்தான் வேலையைச் சொல்லும். கட்டுக் கட்டும் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு முழ தூரத்தில் கைப்பேசியை வைத்து, "தாளை ஏன் அறுக்காமல் விடுகிறீர்கள், அத்தை?" என்று கேளுங்கள். "அறுத்துவிட்டால் எதைப் பிடித்துக் கட்டுவது, தம்பி?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டை எடுப்பார். அங்கே பதிவை நிறுத்திவிடாதீர்கள். விரல் தாளை முறுக்கி இழுத்து முடிச்சுப் போடும் வரை ஓடட்டும். அதற்கு எந்தப் பின்னணி இசையும் வேண்டாம். வேறு இடத்தில் இசை வேண்டுமென்றால் யூடியூபின் ஆடியோ லைப்ரரியிலிருந்து எடுங்கள். சினிமாப் பாட்டைப் போட்டால் காப்புரிமைப் புகார் வரும்.

மலைக்கென்று சில தொல்லைகள் உண்டு. வெள்ளைப் பனிமூட்டத்தைப் பார்த்ததும் கேமரா வெளிச்சம் அதிகம் என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கிவிடும். திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். குளிரிலிருந்து அடுப்பெரியும் அறைக்குள் நுழைந்தால் லென்ஸில் நீராவி படியும். துடைத்தாலும் மறுபடி படியும், கைப்பேசி சூடேறும் வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். பழைய டியூப்லைட்டின்கீழ் படம் மினுங்கினால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று, என்பதுதான் காரணம். கேமராவில் ஷட்டர் வேகத்தை 1/50 நொடி என்று வையுங்கள்.

காற்றுதான் பெரிய எதிரி. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மன்னிப்பார்கள், பேச்சு கேட்காவிட்டால் மன்னிக்கவே மாட்டார்கள். காலர் மைக்கும் அதன்மேல் மாட்டும் ரோம உறையும் இருந்தால் நல்லது. இல்லையென்றால் காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி நில்லுங்கள், உடம்பே மறைப்பாகிவிடும். புதிதாகக் கேமரா வாங்கப் பணம் சேர்ப்பவர்களிடம், முதலில் மைக் வாங்குங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

யூடியூபின் குட்டி வீடியோவான ஷார்ட்ஸ் போடுவதானால் நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை போடலாம். நீளமான வீடியோவுக்குக் கிடைமட்டம்.

தலைப்பில் "கொடைக்கானல் விலாக் பகுதி 4" என்று எழுதினால் யாரும் தேடி வர மாட்டார்கள். "மலைப்பூண்டுக்குப் புகை போடுவது எப்படி" என்று எழுதுங்கள். முகப்புப் படத்துக்கு அந்தத் தொங்கும் கட்டுகளே போதும். வெளியிடும் முன் அத்தையிடம் முழு வீடியோவையும் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்லும் இடத்தை வெட்டிவிட்டு ஏற்றுங்கள்.